ஆடுகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள்?

ஆட்டுப் பண்ணைக்கார முதியவர் வில்ஃப் ஆல்டர்சன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று இளம் டாக்டர் அலாஸ்டர் அவரிடம் சொல்லிவிட்டார். வலி மாத்திரை ஒரு காகிதப் பையில் தயாராக இருந்தது. டாக்டர் ஹிலரி பெயின்பிரிட்ஜ் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

பேனாவை எடுத்த ஹிலரி அப்படியே நின்றார்.

எங்கள் மருத்துவமனையின் ஒருநாள் அவசரப் பிரிவில் கட்டில்கள் கிடையாது, நாற்காலிகள்தான். காலையில் வருகிறவர்களுக்கு ரத்தம் எடுத்து, படம் பிடித்து, மருந்து கொடுத்து, மாலைக்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மேலே வார்டில் சேர்க்க வேண்டும். வார்டில் இடம் இருப்பதே அபூர்வம். இதயத்துக்கு ஒரு நிபுணர், நுரையீரலுக்கு ஒருவர் என்று கட்டடம் முழுக்க ஆட்கள் இருக்கும்போது, ஒரு குடும்ப மருத்துவருக்கு இங்கே என்ன வேலை என்று ஹிலரி வந்த புதிதில் பலர் முணுமுணுத்தார்கள்.

பிறகு முணுமுணுப்பு நின்றுபோயிற்று. மற்றவர்கள் பயந்து, இன்னொரு சோதனை, இன்னொரு இரவு என்று பிடித்துவைக்கும் நோயாளிகளை ஹிலரி தைரியமாக வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் மாடிப்படி உண்டா, சூப் வைத்துக் கொடுக்க ஆள் உண்டா என்று கேட்டு, தேவையானால் அவர்கள் ஊர் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசி அனுப்புவார். போனவர்கள் நன்றாகவே இருந்தார்கள். நர்ஸ் ஷோனா அவருக்கு ‘கதவு திறக்கிற அம்மா’ என்று பெயரே வைத்துவிட்டாள்.

இந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. மலைப் பள்ளத்தாக்கில் வாழ்நாளில் பாதியைக் குடும்ப மருத்துவராகக் கழித்தவர். கணவர் டெரெக் இறந்த அதே குளிர்காலத்தில் அந்தச் சின்ன கிளினிக்கையும் மூடி, நகரத்துப் பெரிய கிளினிக்கோடு சேர்த்துவிட்டார்கள். மாலையில் திரும்பிப் போக ஆளில்லாத வீடு. காலையில் போவதற்கு இடமும் இல்லை. கண்ணீர் காய்வதற்குள் இங்கே விண்ணப்பம் போட்டார்.

இப்போது அவர் பேனா நின்றதற்குக் காரணம் அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. அலாஸ்டர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. காலையில் ஒரு தாய் ஆட்டைத் தூக்கும்போது தோள்பட்டைகளுக்கு நடுவில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது என்றார் வில்ஃப். ஈ.சி.ஜி. சரி. இதயத்துக்கான ரத்தப் பரிசோதனை இரண்டு முறையும் சரி. வலி பத்துக்கு எத்தனை என்றதற்கு ரெண்டு என்றார். தசைப்பிடிப்பு என்று எழுதினார் அலாஸ்டர்.

அந்த ரெண்டுதான் ஹிலரியை உறுத்தியது. எங்கள் மலைக்காரர்களுக்கு வலியைச் சொல்வது வெட்கக்கேடு. தொடை எலும்பு முறிந்து கிடந்த ஒருவர், “கொஞ்சம் வெறைப்பா இருக்கு” என்று ஹிலரியிடமே சொல்லியிருக்கிறார். அதுமட்டுமல்ல, இது ஏப்ரல் மாதம். மலை முழுக்க ஆடுகள் குட்டி ஈன்றுகொண்டிருக்கும் வாரங்களில் எந்த ஆட்டுக்காரரும் தானாக டாக்டரைத் தேடி வரமாட்டார்.

ஹிலரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார்.

“ஆடுகளை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க வில்ஃப்?”

வில்ஃப் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “நெவில்கிட்ட.”

ஹிலரி பேனாவைக் கீழே வைத்தார்.

நெவில் வில்ஃபின் தம்பி. ஒரு கிடாவுக்காகச் சந்தை ஏலத்தில் அண்ணனுக்கு எதிராகவே விலை கேட்டவர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. தாயின் சவ அடக்கத்தில்கூடத் தேவாலயத்தின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். ஹிலரி டாக்டராக இருந்த பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரிந்த பகை இது.

“நீங்களா கூப்பிட்டீங்க?”

“ஆமா.”

“ஏன் வில்ஃப்?”

அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. வானிலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: “இனிமே அவன்தானே பாத்துக்கணும் டாக்டரம்மா. எது எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.”

ஹிலரி எழுந்து அவர் வலது கையில் ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு இடது கையில். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது; நல்ல உடம்புக்காரர்கள் சிலரிடமும் காண்பதுதான். ஆனால் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்தாலும் இப்படித்தான் காட்டும். கிழிசல் முழுதாக உடைந்தால், மருத்துவமனை வாசலில் நின்றால்கூடக் காப்பாற்ற முடியாது.

சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அங்கேயோ நீண்ட வரிசை.

அலாஸ்டர் நல்ல பையன். தன் தயக்கத்தை மெதுவாகத்தான் சொன்னார். “ஸ்கேன் அறையில காரணம் கேப்பாங்களே டாக்டர். தம்பிகிட்ட ஆட்டை விட்டுட்டு வந்தார்னா சொல்றது?”

“அதையேதான் சொல்லப் போறேன்” என்றார் ஹிலரி.

தொலைபேசியில் அவர் அதையே சொன்னார். எதிர்முனையில் ஸ்கேன் நிபுணர் பெருமூச்சு விட்டார். பக்கவாத நோயாளி ஒருவர் காத்திருக்கிறார், விபத்தில் அடிபட்ட ஒருவர் வந்துகொண்டிருக்கிறார், வலி இரண்டு என்று சொல்கிற மனிதரை நடுவில் எப்படி நுழைப்பது என்று கேட்டார். பிறகுதான் பேசுவது யார் என்று கேட்டார். ஹிலரி பெயரைச் சொன்னார்.

“ஹிலரியா? எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புறவங்களாச்சே நீங்க. நீங்களே அனுப்ப வேணாங்கிறீங்களா?”

“இவரை அனுப்ப மாட்டேன்.”

“சரி. உடனே கொண்டாங்க.”

திரும்பி வந்தால் நாற்காலி காலியாக இருந்தது.

ஷோனா வாசலை நோக்கி ஓடினாள். வில்ஃப் லிஃப்ட் அருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பண்ணையிலிருந்து போன் வந்தது, ஓர் ஆடு பிரசவத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது, நெவிலின் கை பெரிய கை, அதை உள்ளே விட்டுக் குட்டியை எடுக்க முடியாது, தான் போயாக வேண்டும் என்றார். ஓர் அடி எடுத்துவைத்தார். மறுபடியும் சுவரைப் பிடித்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

“ஏன் தாத்தா, இந்த நடையில நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்தக் குட்டிக்கே பேரன் பொறந்துடும்” என்றாள் ஷோனா, சக்கர நாற்காலியை அவர் முழங்காலுக்குப் பின்னால் தள்ளியபடி. அவள் குரல் சிரித்தது; கண்கள் சிரிக்கவில்லை.

ஹிலரி அவர் முன்னால் குனிந்தார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. “வில்ஃப், நீங்க பயந்தது சரின்னுதான் எனக்கும் தோணுது. அதனாலதான் விட மாட்டேங்கிறேன். உக்காருங்க.”

வில்ஃப் உட்கார்ந்தார். யாரோ ஒருவர் தன்னை நம்பிவிட்டார் என்ற நிம்மதியில், அன்று முதல் தடவையாக, “வலிக்குது டாக்டரம்மா” என்றார்.

ஸ்கேன் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஹிலரி நின்றார். திரையில் படம் வரிவரியாக இறங்கியது. நிபுணர் விரலால் தொட்டுக் காட்டினார். பெருந்தமனிக்குள் ஒரு மெல்லிய கோடு. அது இதயத்திலிருந்தே தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து நரம்பில் ஏறியது. அலாஸ்டர் நகரத்து இதய அறுவை மருத்துவமனையோடு பேசி, தானே ஆம்புலன்ஸில் ஏறினார். ஹிலரி வில்ஃபின் கையைப் பிடித்தபடி வாசல்வரை நடந்தார். கடப்பாரை பிடித்துக் காய்த்த கை அது, பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது. கதவு மூடுகையில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சைரன் அதை விழுங்கிவிட்டது.

நாற்காலிகளில் இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். ஹிலரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, காலில் வீக்கத்தோடு இருந்த ஓர் ஆசிரியையின் முன்னால் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை முதல் நோயாளி வருவதற்கு முன் அவர் நகரத்துக்குப் போன் செய்தார். அறுவை முடிந்திருந்தது. உயிர் இருக்கிறது, இன்னும் கண் விழிக்கவில்லை, ஆனால் விழிப்பார் என்றார்கள். ஹிலரி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு ஆல்டர்சன் பண்ணை எண்ணை அழுத்தினார்.

எடுத்தவர் நெவில். ஹிலரி எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. பிறகு கரகரத்த குரல் வந்தது.

“சிக்கிக்கிட்ட ஆட்டுக்கு ரெண்டு குட்டி. ரெண்டும் பொழைச்சிடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க.”

“நீங்களே சொல்லலாமே நெவில்.”

பெரிய உடம்புக்காரர் ஒருவர் அழுகையை அடக்கும்போது வரும் மூச்சு மட்டும் கேட்டது.

“அங்க எத்தனை மணிக்கு ஆளுங்களை உள்ள விடுவாங்க?” என்று கேட்டார் நெவில்.