சலாம் போடாத யானை

முப்பது வருஷமாகப் பட்டாசு ஆர்டர் எடுக்கிறவன் நான். பீகாரிலும் அசாமிலும் எந்த ஊர்க் கடைக்காரனுக்கு எந்த வெடி பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். திருத்தங்கலில் அய்யாதுரை என்றால் தெரியாதவர் குறைவு. ஆனால் இது என் சாமர்த்தியத்தைப் பற்றிய கதை இல்லை. என் வீட்டுக்காரி பத்திரகாளியைப் பற்றியது. நான் இதில் அடி வாங்குவதற்காக மட்டும் வருகிறேன்.

காரியாபட்டியில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பத்தொன்பது வயதில் என்னைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்த நாளிலிருந்து நான் வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருந்ததில்லை. மாமியாரைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், மகள் ஆர்த்தியைப் படிக்க வைத்தாள். நான் பார்த்ததெல்லாம் ரயில் பெட்டியின் மேல் பர்த்தைத்தான். எந்த ஊரிலிருந்து போன் போட்டாலும் அவள் முதல் கேள்வி ஒன்றுதான்: "சாப்பிட்டீகளா?" குவஹாத்தியில் இடுப்பளவு வெள்ளத்தில் நின்றுகொண்டு போன் பண்ணியபோதும் அதையேதான் கேட்டாள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வெள்ளத்தில் நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

வெளியூர் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. கொடைக்கானல் என்பேன், கிளம்புகிற அன்று லோடு லாரி எங்கேயாவது கவிழ்ந்திருக்கும். ஊட்டி என்று ஆறு தடவை சொன்னேன். எங்கள் வீட்டில் யாராவது புளுகினால், சின்னப் பிள்ளையாக இருந்த ஆர்த்தி, "அப்பா மாதிரி ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறாக" என்பாள். கடைசியில் ஒரே ஒரு தடவை தேக்கடிக்கு அழைத்துப் போனேன். அதுவும் டீலர் மீட்டிங். நான் கீழே டீலர்களோடு இருந்தேன், அவள் மாடி அறையில் இரண்டு நாள் டி.வி. பார்த்தாள்.

அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் கம்பெனியில் புது ஷெட் திறந்தபோது முதலாளி ஒரு கோயில் யானையை வரவழைத்தார். அது துதிக்கையைத் தூக்கி முதலாளிக்கு ஒரு சலாம், மானேஜருக்கு ஒரு சலாம், எனக்கும் ஒரு சலாம் போட்டது. நான் நெஞ்சை நிமிர்த்திப் போட்டோவுக்கு நின்றேன். இவள் மட்டும் குனிந்து அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கிலி உரசிய இடத்தில் புண்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "யாருக்கும் சலாம் போடாம, அது பாட்டுக்கு நிக்கிற யானைய ஒரு தடவ பாத்துரணும்ங்க."

"பாத்துருவோம்" என்றேன். அந்த வாக்கு ஊட்டியோடு போய்ச் சேர்ந்தது.

நான் மறந்தேன், ஆர்த்தி மறக்கவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆனதும், 2007-இல், ஒரு நாள் போனில் சொன்னாள்: "ரெண்டு பேரும் தென்னாப்பிரிக்கா போறீக. காட்டுக்குள்ள ஜீப்புல சுத்திக் காட்டுவாங்க. பணம் கட்டியாச்சு. இந்தத் தடவ லாரி கவுந்தாலும் சரி, கம்பெனியே கவுந்தாலும் சரி."

பத்திரகாளி பூஜை அலமாரியைத் திறந்து விபூதி எடுத்துப் பூசிக்கொண்டாள். சரி, இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். திட்டம் போடும் பொறுப்பு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். சனியன் அங்கேதான் என் தோளில் ஏறியது.

மதுரையில் டூர் ஏற்பாடு செய்கிற பிரபாகரன் என்ற தம்பி, நல்ல பையன், பொறுமையாகச் சொன்னார்: "சார், ஜூலை, ஆகஸ்ட்ல போனீங்கன்னா அங்க புல்லெல்லாம் காஞ்சிருக்கும். மிருகம் நல்லாத் தெரியும்."

"தம்பி, ஆடி ஆவணியில சிவகாசிக்காரன் காய்ச்சல்னு கூடப் படுக்க மாட்டான். சீசன்ல எவனாவது சிங்கம் பாக்கப் போவானா? தீபாவளி முடியட்டும். ஒரு மாசம் கம்பெனி லீவு."

"நவம்பர் கடைசில அங்க மழை சார். புல்லு ஆள் உசரத்துக்கு நிக்கும்."

"யானை புல்ல விட உசரம்தான தம்பி?"

அவர் நவம்பர் தேதியைத் தாளில் குறித்துக்கொண்டார். நானோ அதோடு நிற்காமல், "சிங்கம் கிட்ட வந்தா ஜீப்புல இருந்து ஒரு ஆட்டம்பாம் போட்டா ஓடிராதா?" என்று வேறு கேட்டு வைத்தேன். அந்தத் தம்பியின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது அவருக்கு என்ன வந்ததோ.

காட்டில் ஜீப்பில் போகும்போது சத்தம் போடக் கூடாது என்று தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு விடிகாலையில் பத்திரகாளியை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆலங்குளம் பக்கம் போனேன். சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்கு அந்தப் புறம் மயில் நிறைய மேயும். ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்தோம். பைனாகுலரை அவளிடம் கொடுத்து, அதை எப்படிப் பிடிப்பது, எப்படித் திருகுவது, ஆண் மயில் எது, பெண் மயில் எது, அசாமில் நான் காண்டாமிருகத்தைப் பார்க்காமல் திரும்பிய கதை என்று விளக்கிக்கொண்டே வந்தேன். நாலைந்து மயில் இருந்தது. என் விளக்கம் முடியும்போது ஒன்றுகூட இல்லை.

"நீங்க வாய மூடினாத்தான் எதுவும் கிட்டத்துல வரும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இதற்கிடையில் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. பரவிவிட்டது என்ன, நான்தான் பரப்பினேன். என் சிநேகிதன் நல்லசிவம் திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கிறான். பஸ் நிறுத்தத்தில் பத்தடிக்கு ஒரு பிளக்ஸ் கட்டிவிட்டான். 'ஆப்பிரிக்கக் கானகம் செல்லும் எங்கள் அய்யாதுரையை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' தொப்பி போட்ட நான், என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம், அந்தப் பக்கம் ஒரு புலி. ஆப்பிரிக்காவில் புலியே கிடையாது என்று ஆர்த்தி போனில் கத்தினாள். நல்லசிவத்திடம் கேட்டால், "மத்தாப்பு லேபிளுக்கு வாங்கின படம்லே. சிங்கத்தோட சேந்துதான் வந்துச்சு" என்றான். பத்திரகாளியின் படம் அதில் இல்லை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். என்னிடம் ஒரு நீலப் பெட்டி இருந்தது. பதினாறு வருஷமாக வெடி சாம்பிள் கொண்டுபோன பெட்டி. உள்ளே இருப்பதெல்லாம் மருந்தில்லாத டம்மி என்று சொல்லிக்கொள்வேன். எல்லாமே டம்மியாக இருந்ததில்லை என்பதை இப்போது சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பெட்டியோடு போய் ஆர்டர் இல்லாமல் நான் திரும்பியதே கிடையாது. அப்படி ஒரு ராசி. எங்கள் ஊரில் ராசியான பேனாவை மகனுக்குக் கூடத் தர மாட்டார்கள். நான் ராசியான பெட்டியை விட்டுவிட்டு ஆப்பிரிக்கா போவேனா?

ஆர்த்தி சக்கரம் வைத்த புதுப் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். "ரெண்டு பேரு துணியும் இதுலயே வச்சிருவோம்ங்க. அந்தப் பெட்டி பூராம் மருந்து வாடை. என் சேலை எல்லாம் மத்தாப்பு வெள்ளிப் பொடி ஒட்டும்" என்றாள் பத்திரகாளி.

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம். என் துணி இதுலதான்" என்றேன். ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, வாடை போவதற்கு அரை டப்பா முகப்பவுடரைக் கொட்டி வைத்தேன்.

சென்னை விமான நிலையத்தில் பிரபாகரனோடு மொத்தம் பதினெட்டுப் பேர் கூடியிருந்தோம். டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாம் என் சட்டைப் பையில். பெட்டிகளை வரிசையில் தள்ளிக்கொண்டு நின்றோம். ஒரு போலீஸ்காரர் நாயோடு அந்தப் பக்கம் வந்தார். அழகான நாய். அது எல்லாப் பெட்டியையும் தாண்டி வந்து, என் நீலப் பெட்டியை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தது.

"பாத்தியா காளி, பவுடர் வாசம் நாய்க்கே பிடிச்சிருக்கு" என்றேன்.

வெடி வாடை பட்டால் அப்படி உட்காரத்தான் அதைப் பழக்கியிருந்தார்களாம்; அடுத்த நிமிஷம் என்னைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். மிருகம் பார்க்கக் கிளம்பிய நான் கடைசிவரை பார்த்த ஒரே மிருகம் அந்த நாய்தான்.

பெட்டியைத் திறந்தார்கள். என் ஜட்டி பனியனெல்லாம் பவுடரும் வெள்ளிப் பொடியுமாக மினுமினுத்தது. உள்பை மடிப்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிஜிலி வெடி அகப்பட்டது. பாட்னாவில் மிஞ்சியதாக இருக்கும். அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "தீபாவளி முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே சார்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன்.

விசாரணை முடிய நேரமாகும், இந்த விமானத்தில் நான் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிரபாகரன் ஓடி வந்தார். "சார், அம்மா மேல பிரச்சனை ஒண்ணும் இல்லையாம். அவங்க மட்டும் வேணும்னா வரலாம். இன்னும் பத்து நிமிஷத்துக்குள்ள சொல்லணும்."

எனக்குத் தெரியும், அவள் அழுவாள். 'உங்கள விட்டுட்டு நான் எங்கன போக?' என்பாள். பரவாயில்லை, நீ போய்ட்டு வா என்று நான் பெருந்தன்மையாக ஒரு தடவை சொல்ல வேண்டும், அவள் மறுக்க வேண்டும், இருவருமாக ஊர் திரும்ப வேண்டும். அதற்கான முகத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அவள் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குக் கிட்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, என் சட்டைப் பையிலிருந்து அவள் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"உங்கள அடிக்க மாட்டாகள்ல?"

"மாட்டாங்க."

கைப்பையிலிருந்து ஒரு புளியோதரைப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "சாப்பிட்டுருங்க" என்றாள். புதுப் பெட்டியின் சக்கரம் கடகடவென்று உருண்டு போன சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

முதலாளி போனில் பேசி, நான் எழுதிக் கொடுத்து, மறுநாள் என்னை விட்டார்கள். வெடியை வைத்துக்கொண்டார்கள், ராசியான பெட்டியையும் வைத்துக்கொண்டார்கள். பஸ் பிடித்துத் திருத்தங்கலில் இறங்கினேன். நேரே என் பிளக்ஸுக்கு அடியில்தான் இறங்க வேண்டியிருந்தது. தொப்பி போட்ட அய்யாதுரை சிங்கத்துக்கும் புலிக்கும் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தான். டீக்கடை பெஞ்சிலிருந்து நல்லசிவம் எழுந்து, "ஏலே, அதுக்குள்ளயா ஆப்பிரிக்காவப் பாத்து முடிச்சுட்ட?" என்றான். நடந்ததை எல்லாம் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது? அவன் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது.

நாலு நாள் போன் இல்லை. எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது ஐம்பத்தோரு வயதில் தெரிந்தது. அந்தக் காட்டில் அவள் பேச்சு யாருக்கும் புரியாதே, மழை வேறு, புல் வேறு ஆள் உயரம். நான் பிடிவாதம் பிடித்த நவம்பர். யானை தெரியாமலே அவள் திரும்பி வந்துவிட்டால் என்ன முகத்தோடு அவளைப் பார்ப்பது என்று படுத்தபடி உழன்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பிரபாகரனின் செல்லிலிருந்து பேசினாள்.

"பாத்துட்டேங்க."

"எங்கன? எம்புட்டு தூரத்துல? புல்லு மறைக்கலயா?"

"மறைச்சுச்சு. ரெண்டு நாளா ஒண்ணுந் தெரியல. இன்னைக்குக் காலைல மழைக்குள்ள ஜீப்ப நிறுத்திட்டுச் சும்மா உக்காந்திருந்தோம். ஒருத்தரும் பேசல. புல்லு தானா வெலகுச்சு. இந்தா, நம்ம வாசலுக்கும் பம்புக்கும் உள்ள தூரம். பெரிய பொம்பள யானை. கால்ல ஒண்ணும் இல்லங்க. சுத்தமா இருந்துச்சு. எங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. அது பாட்டுக்குப் புல்லப் புடுங்கித் தின்னுச்சு, போயிருச்சு."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மயில் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"ஜீப்பு கெளம்புதாம். வச்சிருதேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அடுப்பில் சோறு தீயும் வாடை வந்த பிறகுதான் பிடிபட்டது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்கவில்லை.