வெறும் தண்ணீரில் வைத்த தேர்வு

எங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வில் கெட்டிக்காரர்கள். 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு, குளோரைடு உள்ளது' என்று முதலில் எழுதிவிடுவார்கள். சோதனைக் குழாயில் அமிலம் ஊற்றுவதெல்லாம் அப்புறம்தான். இதற்கு மருந்தாகப் போன வருடம் ஒரு தேர்வைக் கண்டுபிடித்தேன். உப்புக் கரைசல் என்று சொல்லி எல்லாக் குழுவுக்கும் வெறும் டிஸ்டில்டு வாட்டரைக் கொடுப்பேன். 'ஒன்றும் இல்லை' என்று எழுதத் துணிந்தவர்களுக்கு முழு மதிப்பெண். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்பதே பாடம்.

செய்தி மேலே போய், வகுப்பைப் பார்க்க அதிகாரி ஒருவர் வருவதாகத் தலைமையாசிரியர் சொன்னார். பிடித்தால் மற்றப் பள்ளிகளுக்கும் இந்தத் தேர்வைப் பரிந்துரைப்பார். பிடிக்காவிட்டால் எங்கள் பள்ளியிலும் இது இருக்காது.

ஆசிரியர் அறையில் ஊரையே கிண்டலடிக்கிற எனக்கே பயம் வந்துவிட்டது. அவர் வந்த அன்று காலை பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பேனாவைத் தேடினேன். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம், "ஆபீசர் வாராரு, ஒரு கேன்கூட காலியா இருக்கக் கூடாது" என்று கத்திவிட்டுக் கண்ணாடிக் குடுவைகளை உயர வரிசையில் அடுக்கினேன். பிறகு அதைக் கலைத்துவிட்டு மறுபடியும் அதே வரிசையில் அடுக்கினேன்.

அதிகாரி பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். முதலில் கை தூக்கியவன் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற பையன். "எங்க குரூப்புக்கு ஒண்ணுமே இல்ல சார். வெறும் தண்ணி."

எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா சார், இதுதான் விடை! எல்லாரும் கைதட்டுங்க!"

ஒருத்தரும் தட்டவில்லை. மற்றக் குழுக்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலக்கோட்டைப் பெண் ஒருத்தி குழாயைத் தூக்கிக் காட்டினாள். "எங்களுக்கு வெள்ளையா வந்திருக்கே சார். குளோரைடு."

"எங்களுக்கும் சார்." "எங்களுக்குந்தான்."

பழைய மனப்பாடம் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி, அதிகாரிக்குக் கேட்காதபடி அவளருகே குனிந்தேன். "நல்லாப் பாரும்மா. ஒண்ணும் இல்லேல்ல?"

அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை. "பாத்தத எழுதச் சொன்னீங்களா, நீங்க நெனச்சத எழுதச் சொன்னீங்களா சார்?"

பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது. வேறு வழியில்லாமல் டிஸ்டில்டு வாட்டர் கேனிலிருந்து நேராகக் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, குளோரைடு இருந்தால் வெள்ளையாக்கிக் காட்டும் சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டேன். குழாய் மோர் மாதிரி ஆனது.

"அக்கா, இந்தக் கேன்ல என்ன இருக்கு?"

"போர் தண்ணி சார். டிஸ்டில்டு வாட்டரு அடியில கொஞ்சந்தான் கெடந்துச்சு. காலியா இருந்தாத் தொலச்சுப்புடுவேன்னீங்கள்ல? அதான் ரொப்பி வச்சேன்."

எங்கள் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். குளோரைடைக் கண்டுபிடிக்க ஆய்வகமே தேவையில்லை.

அதிகாரி எழுந்து வந்தார். "அப்ப இவன் குழாயில மட்டும் எப்படி சார் ஒண்ணும் வரல?"

பையன் குழாயைக் கையில் மறைத்தான். வாங்கிப் பார்த்தால், ஊற்றிய தண்ணீர் ஊற்றினபடியே இருந்தது. ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்கூட விழவில்லை.

"ஏலே அப்பு, செய்யவே இல்லையா?"

"பிளஸ் டூ அண்ணன்மாரு சொன்னாங்க சார், நீங்க வெறும் தண்ணிதான் குடுப்பீங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இப்ப மார்க் யாருக்கு?" என்றார் அதிகாரி.

"வெள்ளைன்னு எழுதுன எல்லாருக்கும் முழுசா. இவனுக்கு முட்டை."

"செத்த முன்னாடி எனக்குத்தான சார் கைதட்டச் சொன்னீங்க?"

"அதுக்கு எனக்கும் ஒரு முட்டை. ஒக்காரு."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா டீ கொண்டுவந்தார். அதிகாரி டம்ளரை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தி, "இது எந்தத் தண்ணி?" என்றார். நிலக்கோட்டைப் பெண் சில்வர் நைட்ரேட் பாட்டிலை நீட்டினாள்.

அடுத்த மாதம் வேறு இரண்டு பள்ளிகளிலிருந்து போன் வந்தது, அந்தத் தேர்வை எப்படி வைப்பது என்று கேட்டு. முதலில் கேனைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன்.