ஊசி குத்திய கால்

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், நோய் பார்த்து மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்த யாகூப், எந்தக் காய்ச்சலுக்கும் பெனிசிலின் ஊசிதான் போடுவார். ஊசி போடாவிட்டால் அது வைத்தியமா என்று லயத்து வரிசை வீடுகளிலிருந்த தொழிலாளர்கள் கேட்பார்கள். அவருக்கும் அதே எண்ணம்தான்.

1962இல் கொழுந்து பறிக்கும் புஷ்பவதி, காய்ச்சலில் துவண்டுபோன மூன்று வயது மகள் சந்திரகாந்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். யாகூப் வலது தொடையில் ஊசி போட்டார். மறுநாளும் அங்கேயே போட்டார். நாலாம் நாள் அந்தக் கால் அசையவில்லை. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் டவுன் ஆஸ்பத்திரியில். பிள்ளை பிழைத்தது, கால் சூம்பிப்போனது. உசிரைக் காப்பாற்றியது டிஸ்பென்சர் ஐயாதான் என்று புஷ்பவதி தோட்டமெல்லாம் சொன்னாள். தீபாவளிக்குத் தீபாவளி பலகாரம் கொண்டுவந்து கும்பிட்டுக் கொடுத்தாள்.

ஒன்பது வருடம் கழித்து, தோட்டத்து டிஸ்பென்சர்களுக்கு மாத்தளையில் ஒரு வகுப்பு நடந்தது. வைரசைப் பற்றி ஒரு டாக்டர் பேசினார். வைரசால் தன் புரதத்தைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. நம் உடலின் உயிர்க்கலத்துக்குள் புகுந்து, தன் செய்முறைக் குறிப்பை அங்கே விட்டுவிடும். கலத்தின் புரதங்களைச் செய்கிற ரைபோசோம்களே அந்தக் குறிப்பையும் படித்து வைரசின் புரதங்களைச் செய்துகொடுக்கும். இளம்பிள்ளை வாதத்தைக் கொண்டுவரும் போலியோ வைரசு அப்படிப் பெருகி வெளியேறும்போது, தசையை இயக்கும் நரம்புக் கலம் செத்துவிடும். பெனிசிலின் தாக்குவது பாக்டீரியாவின் சுவரை. வைரசுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. அதைவிட, போலியோக் காய்ச்சல் நேரத்தில் தசையில் ஊசி குத்தினால், குத்திய அவயவமே வாதத்தில் முடங்கிப்போகும் ஆபத்து அதிகம் என்றார்.

யாகூபுக்குக் காது மடல்கள் சுட்டன. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் பேனாவை மூடினார்.

அந்தத் தீபாவளிக்கும் புஷ்பவதி மகளுடன் வந்தாள். யாகூப் பலகாரத் தட்டைத் தொடவில்லை. தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"ஊசி போடாம இருந்திருந்தா இவ நடந்திருப்பாளா?" என்று புஷ்பவதி கேட்டாள்.

"தெரியாது. நடந்திருக்கலாம்."

புஷ்பவதி மகளின் காலைப் பார்த்தாள். அடுத்துக் கேட்டது சந்திரகாந்தா.

"அந்த வைரசு இன்னும் என் கால்ல இருக்குங்களா ஐயா?"

"இல்லம்மா, அது எப்பவோ போயிருச்சு. அது வேலை வாங்கின நரம்புக் கலந்தான் செத்துப்போச்சு. திரும்ப வராது."

புஷ்பவதி தட்டை எடுத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். கும்பிடாமல் படியிறங்கினாள்.

அதன்பிறகு வெறும் காய்ச்சலுக்கு யாகூப் ஊசி எடுப்பதில்லை. கைராசி போய்விட்டது என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். காரணம் கேட்டவர்களிடமெல்லாம் சந்திரகாந்தாவின் காலைப் பற்றித் தானே சொன்னார்.  புஷ்பவதி தடிமனுக்கும் இருமலுக்கும் மருந்தெடுக்க வந்துகொண்டுதான் இருந்தாள். போத்தலை நீட்டுவாள், வாங்குவாள், போவாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் கடைசிவரை முடியவில்லை.