மீதி முப்பத்தொன்பது பேர்

நான் விஞ்ஞானக் கதைகள் எழுதுகிறவன் என்றால், என் வீட்டு மாடியில் ஒரு தொலைநோக்கி இருக்கும் என்று பலபேர் நினைத்துக்கொள்கிறார்கள். மாடியே இருந்ததில்லை. ஆம்பூரில் நான் குடியிருந்தது ஓட்டு வீடு. மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும். என் சந்திர மண்டலமும் செவ்வாய்க் கிரகமும் அந்த மூன்று ஒழுக்குகளுக்கு நடுவே, ஒரு தகரப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதினவை. செவ்வாயை வர்ணிக்க நான் எங்கேயும் அலையவில்லை. சித்திரை மாதம் பாலாற்றில் இறங்கி நின்றால் போதும். கண்ணுக்கெட்டின தூரம் மணல், தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, தூரத்தில் குடத்தோடு குனிந்து ஊற்றுத் தோண்டுகிற நாலு ஜீவன்கள். அதை அப்படியே எழுதி 'செவ்வாய்' என்று தலைப்புப் போட்டேன். பட்டணத்து வாசகர்கள் பிரமித்துப் போனார்கள்.

பிழைப்புக்கு, ஆற்றங்கரையில் இருந்த ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் எழுத்து வேலை. எத்தனை தோல் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிற்று, எந்தத் தொட்டிக்கு என்றைக்குத் தோலைப் பதப்படுத்துகிற பட்டைச் சாறு மாற்ற வேண்டும் என்று குறித்து வைக்க வேண்டும். அந்த வேலை பார்க்கிறவனை எங்கள் பக்கத்தில் 'ரைட்டர்' என்பார்கள். காலையில் வேலைக்குச் சங்கு ஊதுவதற்குள் நாலு பக்கம் எழுதிவிடுவேன். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். என் மனைவி மட்டும் அதற்குப் பயந்ததில்லை. "சந்திரனுக்கு அப்புறம் போவலாம், மொதல்ல தண்ணி எடுத்துட்டு வாங்க" என்பாள்.

சென்னையில் என் கதைகளைப் போட்டுவந்த மாதப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு தடவை கார்டு எழுதினார். 'கதை பிரமாதம். ஆனால் அடுத்த முறை தாள்களை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி அனுப்பவும். தோல் வாடையில் ஆபீசில் யாரும் உட்கார முடியவில்லை.' எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு மாதம் ஒன்றும் அனுப்பவில்லை. அவரும் கேட்கவில்லை. அப்புறம் உலர்த்தித்தான் அனுப்பினேன்.

இந்த மாதிரி பெருமையும் ரோஷமுமாகத் திரிந்த என்னை ஒரே கேள்வியில் உட்கார வைத்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் செய்தித்தாளை உரக்கப் படிப்பேன். எல்லோரும் பட்டைக் கொட்டகையின் நிழலில் சாப்பிட்டபடியே கேட்பார்கள். தொட்டியில் வேலை செய்கிற ஆண்கள் சங்கு ஊதினதும் வந்துவிடுவார்கள். ஆவாரம் பட்டை இடிக்கிற பெண்கள் நாற்பது பேர். அவர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார்கள். உரலில் போட்ட பட்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பாதி இடிந்ததும் புதுசும் கலந்தால் சாறு ஒரே சீராக இறங்காது, தோல் திட்டுத் திட்டாகிப் போகும். அதனால் பெண்கள் வந்து உட்கார்ந்ததும் நான் முதல் சேதியை மறுபடி ஒரு தடவை படிப்பேன். பல வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

அந்த நாற்பது பேரில் ஒருத்தி அவள். ஏறக்குறைய என் வயது. முழங்கை வரைக்கும் பட்டைச் சாயம் ஏறின கைகள். ஆகாய விமானத்தைப் பற்றிப் படித்தால், "மேல போறவனுக்கு வயிறு கலக்கினா இன்னா பண்ணுவான்?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். அவள் கேட்ட கேள்விகள் எதையும் என் பத்திரிகை ஆசிரியர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் ரயிலில் செய்தித்தாள் கட்டு வரவில்லை. ஆனால் தபாலில் என் மாதப் பத்திரிகை வந்திருந்தது. அதில் என் கதை. நான் எழுதினது என்று சொன்னால் மரியாதைக்காகப் புகழ்வார்கள், சொல்லாமல் படித்தால் உண்மையான புகழ்ச்சி கிடைக்கும் என்று ஒரு அல்ப ஆசை வந்துவிட்டது. செய்தி படிக்கிற அதே குரலில் ஆரம்பித்தேன்.

இன்னும் நூறு ஆண்டு கழித்து நடக்கப்போவதாக முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதியிருந்தேன். பெண்கள் வந்து உட்கார்ந்தபோது நான் மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். வழக்கம்போல முதலிலிருந்து படித்திருக்க வேண்டும். கதை சூடு பிடித்திருந்த இடம், நிறுத்த மனசு வரவில்லை. ஆற்றங்கரையில் ஒரு தோல் தொழிற்சாலை. அங்கே பட்டையைத் தின்று தூளாகத் துப்புகிற ஒரு யந்திரம். நாற்பது பெண்கள் செய்த வேலையை ஒரே ஒருத்தி நின்றபடி கைப்பிடியைச் சுற்றிச் செய்துவிடுகிறாள். வாசிக்க வாசிக்க எனக்கே என் நடையின் மேல் காதல் பொங்கியது.

படித்து முடித்தேன். அவள்தான் கேட்டாள்.

"ஒருத்தி சுத்துறா. சரி. மீதி முப்பத்தொம்பது பேரு இன்னா ஆனாங்க?"

"அதெல்லாம் இதுல போடலம்மா" என்றேன் நான். கதையில் அவ்வளவு தூரம் மூழ்கிவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

மறுநாள் காலை சங்கு ஊதியும் உலக்கைச் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் நாற்பது பெண்களும் முதலாளியின் அறைக்கு முன்னால் நிற்கிறார்கள். முதலாளி நல்ல மனிதர். தொழுகை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். பட்டை இடிக்க மெஷின் வருகிறதா என்று பெண்கள் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அரே, எந்த மெஷினு? இன்னா பேஜாரு இது காலையில?"

"நம்ம ரைட்டரு பேப்பர்ல படிச்சாரு மொதலாளி" என்றாள் அவள். "ஆத்தங்கரையில தோல் கம்பெனி. மெஷின் வந்துட்டுது. நாப்பது பேரு வேலைய ஒருத்தி பாக்குறா. ஆத்தங்கரையில இருக்கறது நாமதான? நாப்பது பேரு நாங்கதான? எங்கள நிறுத்தறதுன்னா நேரா சொல்லிடுங்க. நெலத்துல கல்லக்கா புடுங்கற வேலைக்காவது ஒடுகத்தூர் பக்கம் போய்ப் பொழச்சிக்கறோம்."

என்னைக் கூப்பிட்டார்கள்.

"அது சேதி இல்லீங்க. கதை. நான் எழுதினது. நூறு வருஷம் கழிச்சு நடக்கிற மாதிரி ஜோடிச்சது."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பெண்களில் சிலரும் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதினதா? அப்போ நாப்பதுன்னு போட்டது எங்கள எண்ணித்தான?"

"ஆமாம்மா."

என் அறை ஜன்னல் வழியாக, விரல் நீட்டி எண்ணித்தான் எழுதியிருந்தேன்.

"அம்மாம் கரெக்டா எண்ணினவரு, ஒருத்திய மட்டும் உள்ள வெச்சிட்டு மத்தவள அப்படியே நடுத்தெருவுல உட்டுட்டீங்களே ஐயா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. போய் உலக்கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம் பெண்கள் யாரும் வாசிப்புக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கொட்டகையின் அந்தக் கோடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரைட்டர், கதை கெடக்கட்டும். அந்த மாதிரி மெஷினு நெசமாவே இருக்குதா?"

"தெரியலீங்க."

"விசாரிச்சுப் பார்க்கறதுல இன்னா நஷ்டம்? பட்டணத்துக்கு ஒரு காயிதம் போடு."

கடிதம் எழுதுவது என் உத்தியோகம். என் கையெழுத்திலேயே, நல்ல இங்கிலீஷில், பட்டை அரைக்கும் யந்திரம் கிடைக்குமா என்று கேட்டு எழுதினேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நாப்பது குடும்பம்! நீங்க செவ்வாய்லயே இருந்திருக்கக் கூடாதா?" என்றாள். இரண்டு மாதம் நான் கதை என்று ஒரு வரி எழுதவில்லை. பேனாவைத் தொட்டாலே பயமாக இருந்தது.

யந்திரம் இருந்தது. ஆயில் எஞ்சினோடு ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. பொருத்துவதற்குப் பட்டணத்திலிருந்து ஒரு மெக்கானிக்கும் வந்தார். எட்டுப் பேர் இருந்தால் போதும், மற்றவர்கள் வாரக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். உரல்களைச் சுவரோரம் உருட்டி வைத்தார்கள். பெண்கள் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். சில பேர் அழுதார்கள். அவள் யந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் யந்திரம் ஒரு நாழிகை ஓடி நின்றது. மெக்கானிக் கழற்றிப் பூட்டினார். மறுநாளும் நின்றது. பல் சக்கரம் முழுக்க நார் நாராகச் சுற்றிக்கொண்டு இறுகிப் போயிருந்தது. மூன்றாம் நாள் முதலாளிக்குக் கோபத்தில் வாயில் உருது மட்டும்தான் வந்தது. தொட்டிகளில் தோல் கிடக்கிறது. பழைய சாறு செத்துப்போய்விட்டது. புதுச் சாறுக்குத் தூள் இல்லை. மெக்கானிக் எண்ணெய்க் கையோடு, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்று அழாக்குறையாகச் சொன்னார்.

"இல்லதான்" என்றாள் அவள். முதல் தடவையாக முன்னால் வந்தாள். குவியலிலிருந்து ஒரு துண்டுப் பட்டையை எடுத்து முதலாளியின் காதுக்குப் பக்கத்தில் ஒடித்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. "இது காஞ்சது." இன்னொன்றை எடுத்து ஒடித்தாள். வளைந்தது, சத்தமே இல்லை. "இது ஈரம். எடுக்கறப்பவே எங்க கைக்குத் தெரிஞ்சிடும், வெயில்ல போட்டுட்டு மறுநாள் இடிப்போம். மெஷினுக்கு அல்லாம் ஒண்ணுதான். ஈரத்தத் துன்னா நாராத்தான் சுத்திக்கும்."

மூன்று நாளும் அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

"சரி, பிரிச்சுப் போடுங்க. பத்துப் பேரு உக்காருங்க" என்றார் முதலாளி.

"நாப்பது பேரும் உக்காந்தா பிரிப்போம்."

"இருபது."

"நாப்பது மொதலாளி. இல்லன்னா நான் உள்பட ஒருத்தியும் இல்ல. வண்டி வண்டியா பட்ட கெடக்குது. இன்னிக்குள்ள பிரிக்கணும்னா அத்தன கையும் வேணும்."

அவளுக்குப் பின்னால் ஒருத்தியும் அசையவில்லை. அந்த எட்டுப் பேரும்கூட யந்திரத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டர், இன்னா சொல்றே?"

என் நோட்டைப் பிரித்தேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம். "மூணாம் தொட்டிக்கு இன்னைக்கே சாறு மாத்தணும் மொதலாளி. நாளைக்குன்னா தோல் போய்டும்" என்றேன்.

"அரே பாபா! நாப்பது, நாப்பது! போய் உக்காருங்க!"

அந்த இடத்தில் நான் கைதட்டியிருப்பேன், உத்தியோகம் போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன். அன்றைக்குச் சொன்ன பேச்சை முதலாளியும் அப்புறம் மாற்றவில்லை. பட்டை பிரிக்கவும் உலர்த்தவும் யந்திரத்துக்கு ஊட்டவும் நாற்பது பேரும் இருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதினது. செய்தித்தாளோடு கொட்டகைக்குப் போனேன். ஆண்கள் இன்னும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். உரல் இல்லை, அதனால் தாமதமும் இல்லை. அவள் முன்வரிசையில் இருந்தாள்.

"பேப்பரு அப்புறம் படிக்கலாம். அந்த மெஷின் கதைய மொதல்லேர்ந்து படிங்க. அன்னிக்கு நாங்க பாதியில வந்தோம்."

அந்தப் பத்திரிகை என் அறையிலேயே கிடந்தது. எடுத்து வந்து படித்தேன். 'இன்றைக்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற முதல் வரியை இந்தத் தடவை எல்லோரும் கேட்டார்கள். அந்த ஒருத்தி கைப்பிடியைச் சுற்றுகிற இடம் வந்தது. அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. பத்திரிகையை மூடிவிட்டேன்.

"இன்னா ஆச்சி?"

"மீதி முப்பத்தொம்பது பேர எனக்கு எழுதத் தெரியலம்மா" என்றேன்.

"தெரியலன்னா கேக்கறதுதான? இதோ உக்காந்துனுதான இருக்கறோம்" என்றாள். சாப்பிட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.

"மொத ஆளு நானு" என்றாள். "எழுதிக்குங்க."