அதிபரின் ஓர்கிட்

அந்த ஓர்கிட் செடியை நான் முதன்முதலாகப் பார்த்தது எங்கள் பாடசாலை அதிபர் வீட்டு மதிலோரக் குப்பையில்தான். மீன் செதிலுக்கும் வாழைப்பழத் தோலுக்கும் நடுவே வேரோடு பிடுங்கி வீசப்பட்டுக் கிடந்தது. இலை நுனிகள் கருகியிருந்தன, ஆனால் தண்டுகள் பச்சையாக இருந்தன. அதிபர் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பூத்த ஓர்கிட் ஒன்றை வாங்கி வருவார். பூ உதிர்ந்து சில மாதங்களில் மறுபடி பூக்காவிட்டால் வீசிவிட்டு, அதே பீங்கான் சாடியில் அடுத்ததை வைப்பார். உயிருள்ள ஒன்றுக்கு ஓய்வு வேண்டுமென்பது அவருக்கு விளங்காது. ஆசிரியைகளின் பிரசவ விடுமுறையையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

நான் அவருடைய பாடசாலையில் விவசாயம் படிப்பித்தேன். சாய்ந்தமருதில் கடலுக்கு மிக அருகில் இருந்தது எங்கள் வீடு. சுனாமி வீட்டையும் கொண்டுபோனது, கூடப்பிறந்த ராத்தாவையும் கொண்டுபோனது. உம்மாவும் கணவரும் நானும் தகரக் கொட்டிலுக்கு வந்து மூன்றாவது வருடம் அது. அதிபரின் வீடு பிரதான வீதிக்கு மேற்கே, பத்திரமான இடத்தில் இருந்தது. தண்ணீர் அவருடைய கேற்றடி வரை வந்து திரும்பிப் போனதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். அந்த ஈரமான கேற்றை வைத்தே அவர் பாதிக்கப்பட்டவர்களின் தலைவரானார். புது வீடுகளுக்குப் பெயர் எழுதும் குழுவிலும் அவரே தலைவர். அவருடைய பகிடிகளுக்கு ஆசிரியர்கள் எல்லோரும் சிரிப்போம். நானும்தான். பட்டியலில் என் பெயர் வர வேண்டியிருந்தது.

செடியை எடுத்துவந்து பார்த்தபோது வேரில் பாதி அழுகியிருந்தது. அழுகலை வெட்டிவிட்டு, அடியில் துளையிட்ட பால்மாத் தகர ரின்னில் அடுப்புக்கரியும், இடிந்த எங்கள் வீட்டின் ஓட்டுத் துண்டுகளும் போட்டு நட்டேன். இலையுதிர்ந்து மொட்டையாக நின்ற பழைய தண்டுகளை வெட்டவில்லை. புதுத் தண்டுக்குச் சோறு போடுவது அவைதான். காலை வெயில் மட்டும் படும்படி கொட்டிலின் கிழக்குப் பக்கம் தொங்கவிட்டேன். தண்ணீர்தான் பெரிய பாடு. கடல் ஏறிய கிணறுகளில் உப்பு இன்னும் போகவில்லை, ஓர்கிட்டோ உப்பைத் தாங்காது. அதிபர் வீட்டில் அது கருகியதும், கேற்றடி வரை வந்த கடலால் நிலத்தடியில் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரால்தான். மாரியில் தகரத்திலிருந்து வடிந்த மழையைப் போத்தல்களில் பிடித்து வைத்தேன்.

"குடிக்கிற தண்ணியே பவுசர் வண்டியில வருது. நீ குப்பையில கிடந்ததுக்கு மழைத்தண்ணி சேக்கிறாய்" என்றார் உம்மா. ஆனால் நான் பாடசாலைக்குப் போன நேரங்களில் வேரில் தண்ணீர் தெளித்தவரும் அவர்தான்.

புதுத் தண்டு வந்து முற்றியதும் தண்ணீரைக் குறைத்தேன். யுத்தம் முடிந்துவிட்டதென்று தெருவெங்கும் வெடி கொளுத்திய நாட்களில், கத்தரிப்பூ நிறத்தில் ஒன்பது பூக்கள் விரிந்தன. அந்த வாரம் பெயர் சரிபார்க்கக் கொட்டில்களுக்கு வந்த அதிபர் பூவைப் பார்த்தார். கொட்டிலுக்குள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. செடியை எங்கே எடுத்தேன் என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொன்னேன். மறுநாள் காலை நாங்கள் காக்கா என்று அழைக்கும் பாடசாலைப் பியோன் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சேர் அந்த மரத்தக் கேக்கிறாரு டீச்சர். அவர்ட மரமாம். பாடசாலை விழாவுக்கு வைக்கணுமாம்" என்றார். பட்டியல் இன்னும் வெளியாகவில்லை. நானே கழற்றிக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் பட்டியல் ஒட்டப்பட்டது. அதிபரின் மருமகன் பெயர் இருந்தது. அவன் கடலோரத்தில் ஒரு நாள்கூடக் குடியிருந்தவனல்ல. என் பெயர் இல்லை.

அதற்கடுத்த நாள் விழா. கண்டியிலிருந்து வயதான கல்வி அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினராக வந்திருந்தார். நன்றாகத் தமிழ் கதைக்கும் அம்மையார். என் ரின்னை அப்படியே பீங்கான் சாடிக்குள் இறக்கி மேசை நடுவில் வைத்திருந்தார்கள். அம்மையார் பேச்சுகளைக் கேட்கவேயில்லை, பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் நேரத்தில், இந்தக் கடற்கரைச் சூட்டில் இதை எப்படி மறுபடி பூக்க வைத்தீர்கள் என்று அதிபரிடம் ஆவலாகக் கேட்டார்.

அதிபர் நெஞ்சில் கை வைத்து, "அன்புதான் மெடம். இந்தப் பாடசாலைய வளத்த மாதிரித்தான் இதையும் வளத்தன். காலையும் பின்னேரமும் என்ட கையாலயே கிணத்துத் தண்ணி ஊத்துவன்" என்றார்.

அம்மையார் புன்னகைத்தார். "அப்படி ஊத்தியிருந்தா இது எப்பவோ செத்திருக்குமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிபரின் கழுத்து சிவந்தது. கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தன. "டீச்சர், நீங்க விவசாயம்தானே. மெடத்துக்கு விளக்கிச் சொல்லுங்க."

நான் அவரையே பார்த்து, "சேர்ட மரம். சேருக்குத்தான் தெரியும்" என்றேன்.

விழாவுக்குப் பிறகு செடி பாடசாலையில் அவருடைய கந்தோர் அறையிலேயே நின்று, கிணற்றுத் தண்ணீர் குடித்து, மூன்று மாதத்தில் செத்தது. எங்களுக்கு வீடு கிடைக்கவில்லை. கணவர் எட்டு வருடம் கட்டாரில் உழைத்து எழுப்பிய வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். முற்றத்து வேலியில் பன்னிரண்டு ஓர்கிட்கள் முறை வைத்துப் பூக்கின்றன.

போன மாதம் அதிபர் மௌத்தானார். அவருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம், நானும் எழுத வேண்டுமாம். கேட்டு வந்த இளம் ஆசிரியை அந்த விழாக் கதையையும் அறிந்திருந்தாள். அந்தக் காலத்தில் அவரை எதிர்த்து நின்ற ஒரே ஆள் நான்தானாம், அந்தத் துணிச்சலை எல்லோரும் இன்றும் கதைக்கிறார்களாம். அவளுக்குத் தேநீர் கொடுத்து, எழுத முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவரைப் பற்றி எழுத எனக்கு நல்ல சொல் ஒன்றும் இல்லை. என்னைப் பற்றிய உண்மையை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. விழாவுக்கு முந்தின நாள் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இருந்திருந்தால், நான் முன்னால் போய் நின்று, கரி, ஓடு, மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் சேர் சொல்லித்தந்ததாகவே அந்த அம்மையாரிடம் விளக்கியிருப்பேன்.