யாரும் தடுக்காத ஆட்டக்காரி

தோல்வியை மறந்துவிட வேண்டும், விளையாட்டில் பெருந்தன்மைதான் பெரிது என்று பரிசளிப்பு மேடைகளில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் யாரும் வேலையை விட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள். கல்லூரிப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. எனக்கு எதுவும் மறப்பதில்லை.

கோவையில் நான் பதினாறு வருஷம் வேலை பார்த்த கல்லூரியின் செகரட்டரி ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். காபி வரவழைத்து, "ஏனுங்க மேடம், நம்ம தம்பி பொண்ணு முதல் வருஷம் சேர்ந்திருக்குதுங்க. டீம்ல போட்டுக்கங்க" என்றார். ஒரு மாதம் அவளை ஆடவிட்டுப் பார்த்தேன். நல்ல உயரம், நல்ல ஓட்டம், சொன்னதைக் கேட்கிற பெண். பந்து மட்டும் வளையத்துக்குள் போகாது. எவ்வளவு பழக்கியும் கை வரவில்லை. பன்னிரண்டு பேர் பட்டியலில் அவளைச் சேர்க்கவில்லை என்று அவரிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன்.

அடுத்த வாரம் மறுபடியும் காபி. "நீங்களும் ரொம்ப வருஷம் சிரமப்பட்டுட்டீங்க. இனி ரெஸ்ட் எடுத்துக்கங்க மேடம். காபி ஆறுது பாருங்க, குடிச்சுப்போட்டுப் போங்க."

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். அந்தக் காபியை நான் குடித்தும் தொலைத்தேன். வேலை போனதைவிட அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறெரிகிறது.

பல்லடம் சாலையில் ஒரு புதுக் கல்லூரி என்னை எடுத்துக்கொண்டது. போன அன்று அங்கே ஒரு பக்கம்தான் வளையம் இருந்தது. இன்னொரு பக்கம் வெறும் கம்பம். வந்த பெண்களில் பாதிப் பேர் பள்ளியில் கபடி ஆடியவர்கள். நாலு பேர் விசைத்தறி வீடுகளில் வளர்ந்தவர்கள். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. மைதானத்தின் இந்த மூலையில் கூப்பிட்டால் அந்த மூலைக்குக் கேட்கும். தடுத்து ஆடுகிற அணிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கோழிப்பண்ணைக்காரர் மகள் ஒருத்தி. தப்பி ஓடுகிற கோழியைக் குனிந்த வாக்கிலேயே துரத்திப் பிடித்தவள். அவளைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக யாராலும் முடியவில்லை.

அவர்களிடம் ஒற்றுமை, விடாமுயற்சி என்றெல்லாம் பேசினேன். எல்லாம் பேச்சுக்குத்தான். காலை ஐந்தரைக்கு அவர்களை எழுப்பி ஓடவிட்டதெல்லாம் ஒரே ஒரு ஆசைக்காக. அந்தக் கல்லூரியைத் தோற்கடிக்க வேண்டும். அந்த மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எதற்காக என்னை வெளியே அனுப்பினாரோ அதை வைத்தே அவர் மூக்கை உடைக்க வேண்டும். அவர் தம்பி மகளோ அங்கே முதல் ஐந்து பேரில் ஒருத்தியாகவே ஆடிக்கொண்டிருந்தாள். என் இடத்துக்கு வந்த பயிற்சியாளர் அவளை வெளியே உட்காரவைக்கவே மாட்டார். எனக்கு நடந்தது அவருக்குத் தெரியும்.

ஒன்றரை வருஷத்தில், பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கல்லூரிகளுக்கிடையிலான இறுதியாட்டத்தில் அவர்களும் நாங்களும். ஆட்டம் அவர்கள் மைதானத்தில். முன்வரிசையில் சோபா போட்டு செகரட்டரி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கும்பிட்டு, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார். நானும் கும்பிட்டேன். இனி கடைசி விசில் ஊதும்வரை அந்த முகத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பாயசத்தைக் கடைசியில் குடிக்கலாம் என்று ஒதுக்கி வைப்பதில்லையா, அப்படி.

முதல் பாதியில் சாதாரணமாகவே ஆடவிட்டேன். முதலிலேயே என் திட்டத்தைக் காட்டினால், இடைவேளையில் அதற்கு மாற்று யோசித்துவிடுவார்கள். ஆறு புள்ளி பின்தங்கினோம். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இடைவேளையில் என் பெண்களைச் சுற்றி உட்காரவைத்துச் சொன்னேன். "அந்த உயரமான அக்காவை இனி யாரும் தடுக்க வேண்டாம். அவங்களைப் பிடிக்கிற ஆளும் சேர்ந்து, அவங்க கேப்டன் மேல ரெண்டு பேரா நில்லுங்க. அக்கா கைக்குப் பந்து வந்தா ரெண்டு எட்டு பின்னால போயிருங்க. 'போடுங்கக்கா'ன்னு சொல்லுங்க. மரியாதையாச் சொல்லோணும்."

முதல் தடவை செகரட்டரியின் தம்பி மகளுக்கு எதுவும் புரியவில்லை. எதிரே ஆளே இல்லை. கோழிப்பண்ணைக்காரர் மகள் விலகி நின்று, "போடுங்கக்கா" என்றாள். போட்டாள். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்த தடவை தறி வீட்டுத் தொண்டைகள் நாலும் சேர்ந்துகொண்டன. "போடுங்கக்கா!" பலகையில் மட்டும் பட்டது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி என் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தார். "மரியாதையாத்தானுங்க சார் பேசறேன்" என்றாள் அவள். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடரவிட்டார்.

ஒன்பது தடவை போட்டாள். ஒன்றுகூட விழவில்லை. கடைசியில் அவள் அணிக்காரிகளே அவளுக்குப் பந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் ரெண்டு தடவை அவள் கைக்குப் பந்து போகாதா என்றிருந்தது.

நாலு புள்ளியில் ஜெயித்தோம். என் பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து என்மேல் விழுந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு, ஆசை தீரப் பார்க்கலாம் என்று முன்வரிசைப் பக்கம் திரும்பினேன்.

சோபா காலியாக இருந்தது.

கைகுலுக்க வந்தவர்களில் கடைசியாக அவள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வாழ்த்துச் சொல்லக்கூட விடாமல், "உங்க பெரியப்பா எங்க?" என்று கேட்டேன்.

"பாதியிலயே கிளம்பிட்டாருங்க மேடம். ஆர்.எஸ்.புரத்துல ஒரு ரிசப்ஷன். நாங்கதானுங்களே அப்ப முன்னால இருந்தோம்? ஜெயிச்சுருவோம்னுட்டுப் போயிட்டாரு."

திட்டத்தைப் பதுக்கி வைத்த என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது? அவர் பார்த்தவரைக்கும் தோற்றுக்கொண்டிருந்தவள் நான்தான்.

அவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், ஒரு உதவிங்க. நீங்களே பெரியப்பாவுக்கு ஒரு போன் பண்ணி, இன்னைக்கு நான் ஆடின லட்சணத்தைச் சொல்லுங்க. எனக்கு வராதுன்னு நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறாரு. நீங்க என்னை எடுக்கலைன்னு சொன்னப்பவே, மேடம் சொல்றதுதான் சரின்னு ஊட்ல நான் ஒருத்திதானுங்க சொன்னேன். என்னை டீம்லருந்து விட்டுருவாருங்க, நீங்க சொன்னா" என்றாள்.

பதினாறு வருஷம் உழைத்த இடத்தில் எனக்காக வாய் திறந்த ஒரே ஆள். அவளைத்தான் ஒன்பது தடவை ஊர் சிரிக்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அவள் தலையைத் தடவி, "பண்றேன் கண்ணு" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இன்றுவரை நான் போன் பண்ணவில்லை. அவர் நம்பர் என்னிடம் இருக்கத்தான் செய்கிறது. அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருக்கிறது. அதுவரை அவள் அந்த அணியில் ஆடியாக வேண்டும். அடுத்த தடவை முதல் நிமிஷத்திலிருந்தே அவளுக்கு வழி விடச் சொல்வேன், அவர் சோபாவில் இருக்கும்போதே.