நாலாவது நீர்மூழ்கிக்கு ஒரு ஓட்டு

நீர்மூழ்கிக் கப்பல் விஷயமாக உங்களிடம் யாராவது யோசனை கேட்டிருக்கிறார்களா? என்னிடம் கேட்டார்கள். போன மாதம், பாபநாசத்தில். சுற்றிலும் சம்பா பயிர் நிற்கிற ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடிக்க வேண்டும்.

கேட்டவன் அருள்ராஜ். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். பிறகு கடற்படைக்குப் போய், பல வருடம் நீர்மூழ்கியில் இருந்தான். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவன் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு பிளாஸ்டிக் மாடல் கிட் தயாரிக்கிறான். பெட்டியைத் திறந்தால் குட்டிக் குட்டிப் பாகங்கள் இருக்குமே... பசை வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்து, ஷோகேஸில் வைப்பார்களே, அதுதான். அவனிடம் அதிகம் விற்பது எது தெரியுமா? நெல் அறுவடை மெஷின். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் போர் விமானமெல்லாம் ரெண்டாம்பட்சம்.

இப்போது ஒரு நீர்மூழ்கி கிட் போட வேண்டும் என்று ஆசை. ஆனால் ஒன்றுதான் முடியும். பாகங்களை வார்க்கிற மோல்டு வெட்ட ஆகிற செலவு அப்படி. தப்பானதைத் தேர்ந்தெடுத்து அது விற்காமல் போனால் ஷெட்டையே மூட வேண்டியதுதான் என்றான். விளையாட்டுச் சாமான்தான்... பிழைப்பு விளையாட்டில்லையே.

நான்கு நீர்மூழ்கிகளை யோசித்து வைத்திருந்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் நீர்மூழ்கி. இன்றைய அணுசக்தி நீர்மூழ்கி. ஆழ்கடல் ஆராய்ச்சிக்குப் போகிற மஞ்சள் உருண்டை ஒன்று. நாலாவது, அவனே வேலை பார்த்த பழைய ரஷ்ய டீசல் நீர்மூழ்கி. அதை மட்டும் மரியாதைக்குச் சேர்த்திருக்கிறானாம்.

"அது பாக்க லட்சணமா இருக்காதுடா. யாரு வாங்குவா?" என்றான்.

சரி, வாங்குகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று வாட்ஸப்பில் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறான். அங்கேதான் கோளாறு. மாடல் ரசிகர்கள் குழுவில் போட வேண்டியதை, கண்ணாடி போடாத அவசரத்தில், அவர்கள் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடில் குழுவில் போட்டுவிட்டான்.

எங்கள் பக்கத்துக் குடில்களைப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டுத் தொழுவம், குழந்தை இயேசு, மூன்று ராஜாக்கள்... இதெல்லாம் குறைந்தபட்சம். அதற்கு மேல், தட்டில் முளைக்க வைத்த நெல் நாற்று, மோட்டார் வைத்த அருவி, அருவி விழ ஒரு குளம், குளத்தைச் சுற்றி ஓடுகிற ரயில். போன வருடம் பெத்லகேமில் ஒரு ஹெலிகாப்டரே இறங்கியிருந்தது. ஆகவே நீர்மூழ்கி என்றதும் யாரும் அசரவில்லை. இந்த வருடம் குளத்துக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மிதக்குமா, முங்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சீரியல் லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும், அதனால் மஞ்சள்தான் என்று இன்னொருவர். எதுவாக இருந்தாலும் ராஜாக்களின் ஒட்டகத்தை மறைக்கக் கூடாது என்பது உபதேசியாரின் ஒரே நிபந்தனை.

மஞ்சள் உருண்டை அமோக வெற்றி. பிறகு சரியான குழுவிலும் போட்டிருக்கிறான். அங்கே ஜெர்மன்காரன் ஜெயித்துவிட்டான். குழம்பிப்போய்த்தான் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டான். எனக்கு என்ன தெரியும்? நான் பார்த்த மூழ்கல் எல்லாம் ஐப்பசி மழையில் மூழ்கிய பயிர்தான்.

அவன் போனை வாங்கிச் சும்மா தள்ளிக்கொண்டிருந்தேன். குடில் குழுவில் நாலாவது நீர்மூழ்கிக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. யாருடா அந்தப் புண்ணியவான்? தொட்டால் பெயர் வருமே, தொட்டேன்.

பிலோமினா.

அருள்ராஜின் மனைவி. அடுத்த மேஜையில்தான் அறுவடை மெஷின் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அருள்ராஜ் அசடு வழிந்தான்.

"நீங்க என்னைக் கேக்கலையே. குரூப்பைத்தானே கேட்டீங்க" என்றார் பிலோமினா, லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உலகத்தில் உள்ளவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்கிறோம். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவரைத்தான் கேட்பதில்லை. இல்லையா?

நான் கேட்டேன், ஏன் நாலாவது என்று. கல்யாணமான புதிதில் இவன் கடலுக்குப் போனால் எங்கே இருக்கிறான், எப்போது வருவான் என்று எதுவும் சொல்ல மாட்டார்களாம். ரகசியம். சரி, படுப்பது எங்கே என்றாவது சொல்லுங்கள் என்று ஒரு லீவில் கேட்டிருக்கிறார். டார்பிடோவுக்குப் பக்கத்தில் என்று ஐயா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வெடிகுண்டுக்குப் பக்கத்தில் புருஷன் படுத்திருக்கிறான் என்று தெரிந்தபிறகு எந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வரும்?

"வைசாக்ல அதே மாதிரிக் கப்பலை மியூசியமா வெச்சிருக்காங்க, பாக்கப் போனோம். பின்னாடி கூட்டம், நவுருங்க நவுருங்கன்னு தள்ளிட்டே வந்துட்டாங்க. இவரு படுத்த எடத்தை ஒரு நிமிஷம் நின்னு பாக்க முடியலண்ணே" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வீட்டுல இருந்தா நெனச்சப்ப பாப்பேன்ல" என்றார்.

அருள்ராஜ் ஒரு லேபிளை எடுத்துப் பெட்டியில் தலைகீழாக ஒட்டினான்.

பிலோமினா அதோடு விடவில்லை. வியாபாரமும் சொன்னார். வெளியே லட்சணம் இல்லை என்றால் பக்கவாட்டைத் திறந்து காட்டுகிற மாதிரி செய்யுங்கள், உள்ளே மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை இருக்கும் என்றார். அருள்ராஜ் மெதுவாகக் கம்ப்யூட்டரைத் திறந்தான். மற்ற மூன்றுக்கும் வெளிப்புறம் மட்டும் வரைந்திருந்தான். மரியாதைக்குச் சேர்த்த நாலாவதில் மட்டும்... சமையலறை, ஏணி, படுக்கை, தலையணை வரைக்கும் இருந்தது. திருடன்!

உள்ளே தெரிகிற படத்தை ரசிகர்கள் குழுவில் போட்டதும் ஜெர்மன் கட்சிக்காரர்கள் சிலர் கட்சி மாறியிருக்கிறார்கள். எல்லோரும் அல்ல. விற்குமா? தெரியாது. மோல்டுக்குச் சொல்லிவிட்டான்.

அதற்கு முன்னால் 3டி பிரின்டரில் ஒரு மாதிரி எடுத்து, ஒட்டிப் பார்க்கச் சொல்லி பிலோமினாவிடம் கொடுத்தான். முந்தாநாள் போய்ப் பார்த்தேன். முதலில் டார்பிடோக்கள், கடைசியில் படுக்கை என்பதுதான் முறை. பிலோமினா படுக்கையை முதலில் ஒட்டிவிட்டார். இனி டார்பிடோ உள்ளே போக வழியில்லை. பிய்த்து எடுத்து மறுபடி ஒட்டலாமே என்றான் அருள்ராஜ். அவர் தொடவே விடவில்லை.

அந்த நீர்மூழ்கிதான் இந்த வருடம் குடில் குளத்தில் நிற்கப் போகிறது. ஆயுதம் இல்லை, உள்ளே ஒரு படுக்கை மட்டும் — குழந்தை பிறந்த வீட்டுக்கு வேறு எப்படி வருவதாம்?